கைமணம்

சீரகம் வெடிக்காது, நிறம்தான் மாறும், நிறம் மாறுவதற்கு முன்னால் வாசம் வரும், வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், கைப்பேசியில் பார்த்த பெண் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாள், இவள் வாசம் வந்த பிறகும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கருகிவிட்டது. குப்பையில் கொட்டினாள். கொட்டிய கை சும்மா இருக்கவில்லை, பக்கத்தில் கிடந்த வெங்காயத் தோலை இழுத்து அதன்மேல் போட்டு மூடியது... எதற்கு மூடினாய்? கருகின சீரகத்தை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கைக்குப் பழகிவிட்டது. மூன்று வருடமாக, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, கணவன் குளிக்கப் போகிற நேரம் பார்த்துக் கடை மசாலாப் பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரித்து, கண்ணாடிப் புட்டியில் கொட்டி, ஒரு குலுக்கு குலுக்கி, பாக்கெட்டை நான்காய் மடித்து, எட்டாய் மடித்து, கைப்பைக்குள் வைத்து, திங்கட்கிழமை வேலை பார்க்கிற மருந்துக்கடைக்குக் கொண்டுபோய் அங்குள்ள கூடையில் காலி மாத்திரை அட்டைகளுக்கு அடியில் போட்ட கை. வீட்டுக் குப்பையில் போட முடியாது. அதை மாமனார்தான் கீழே எடுத்துப் போவார், அவருக்கு எதையும் பார்க்காமல் கொட்டத் தெரியாது, முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

மணி இரண்டரை. நான்கு மணிக்கு நாத்தனார் கார் எடுத்துக்கொண்டு வருகிறாள், அப்பாவைக் கூட்டிப்போக, இனி அவர் அங்கேதான். பக்கத்து அறையில் அலமாரிக் கதவு திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. சட்டைகளை எடுத்து வைக்கிறார் போல. மொத்தம் எட்டுச் சட்டை, அதற்கு இத்தனை நேரமா? நேற்று நாத்தனார் போனில் சொன்னாள், அண்ணி, அந்த டாக்கோ மசாலாவை மட்டும் ஒரு புட்டி போட்டுக் குடுங்க, எப்படி அரைக்கிறதுன்னு ஒரு பேப்பர்ல எழுதியும் வச்சிடுங்க, அப்பா அது ஒண்ணைத்தான் வாயாரச் சாப்பிடறாருன்னு அண்ணன் சொன்னான். சரி என்றாள். எழுத என்ன இருக்கிறது? அதனால்தான் இன்று மதியம், விடுப்பு எடுத்த நாளில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குப் போய் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்து, பின்பக்கத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மேசையில் வைத்துத் திருப்பினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் திருப்பினாள். மிளகாய்த்தூள், சீரகம், கோதுமை மாவு. மூன்றாவதாக. அதற்குப் பிறகுதான் உப்பே வருகிறது. மற்ற எழுத்தைவிடத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தான், கோதுமை ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும் என்று, பாவம், அவன் தன் கடமையைச் செய்துவிட்டான். அவளும் பதினெட்டு வருடமாக அதைத்தானே செய்கிறாள்? வருகிறவர்களுக்கெல்லாம் அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டி, இதுல பால் இருக்கு பார்த்துக்கோங்க, இதை வெறும் வயித்துல போடாதீங்க... யார் பாக்கெட்டையும் படிக்காமல் விட்டதில்லை. இதை மட்டும் படிக்கவில்லை, படிப்பதற்கு நேரம் ஏது, மறைப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

புட்டியில் மிச்சம் இருந்ததைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். போகவில்லை. தண்ணீர் பட்டதும் குழைந்து சிவப்புப் பசையாகித் துளைவாயில் ஒட்டிக்கொண்டது, விரலால் சுரண்டித் தள்ள வேண்டியிருந்தது. இதைத்தான் மூன்று வருடம் மாமனார் குடலுக்குள்... அடுப்பைச் சின்னதாக்கினாள். இரண்டாவது தடவை சீரகத்தைப் போட்டாள். இந்தத் தடவை கரண்டியை விடாமல் கிளற வேண்டும்.

பொய் சொல்ல வேண்டும் என்று அந்த முதல் சனிக்கிழமை நினைக்கவே இல்லை. நாத்தனார் பிள்ளைகள் டாக்கோ வேண்டும் என்று கேட்டார்கள், சோள அப்பளம் மாதிரி மடித்த ஓடு கடையில் கிடைத்தது, பக்கத்திலேயே மசாலா பாக்கெட், கொத்துக்கறியில் கலந்து வதக்கினாள், அவ்வளவுதான். நாத்தனார் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை விரித்தாள், அண்ணி, இந்த மசாலா நீங்க அரைச்சதா? கேட்ட விதம் அப்படி. நீங்களா, உங்க கையாலயா என்கிற விதம். கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிற ஒன்று இருக்கிறது, எங்க வீட்டுல சாப்பாடு மருந்து மாதிரி, அளவா இருக்கும், கசப்பா இருக்கும். அதற்கு அவளும் சேர்ந்து சிரிப்பாள், கல்யாணமான நாளிலிருந்து சிரிக்கிறாள். அன்றைக்கு ஆமாம் என்று தலை ஆடியது. வாய் ஒன்றும் சொல்லவில்லை, தலைதான். ஆனால் தட்டிலிருந்து நிமிர்ந்து மாமனார், கைமணம்னா இதுதாம்மா, என்றார். நாற்பத்து நான்கு வயது வரை யாரும் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு, இல்லை மாமா, கடையில் வாங்கினது என்று சொல்வதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும்? எத்தனை சின்ன மனசு இருந்தால் போதும் சொல்லாமல் இருக்க? அடுத்த சனிக்கிழமை கணவனே கேட்டான், அப்படி என்னதான் போடற? அதெல்லாம் சொல்ல மாட்டேன், ரகசியம் என்று புட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள், புதுப்பெண் மாதிரி.

வாசம் வந்தது. உடனே இறக்கித் தட்டில் கொட்டினாள். சரியாக வந்திருக்கிறது, இளம் பழுப்பு. இவ்வளவுதானா? ஐந்து நிமிடம். ஐந்து நிமிட வேலைக்கா மூன்று வருடம் மறைத்தாய்?

மாமனாருக்கு வயிற்று வலி வந்தது அதற்கப்புறம் ஒன்றரை வருடம் கழித்து. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார், பிறகு இன்னொன்று. ஆறு மாதம் அலைந்து கண்டுபிடித்தார்கள், கோதுமை அவர் குடலுக்கு ஆகாது, ஒரு துளிகூட ஆகாது, எழுபது வயதுக்கு மேல்கூட இது வெளியே தெரியவரும் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவள்தான் கையில் எடுத்துக்கொண்டாள். அவருக்குத் தனிக் கத்தி, தனி வாணலி, அவருடைய மூன்று மாத்திரைக்கும் கம்பெனிக்குப் போன் போட்டு அதில் சேர்க்கிற மாவு எந்த மாவு என்று கேட்டாள், பல்பசையைக்கூட விடவில்லை. என்னம்மா, தண்ணியையும் விசாரிச்சுட்டியா, என்று அவர் கேலி செய்தார். சோள ஓட்டில் கோதுமை இல்லை, அதனால் டாக்கோ மட்டும் தப்பித்தது, சனிக்கிழமை ஒரு நாள்தான் எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். உணவு ஆலோசனை சொல்லும் பெண் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டாள், பாக்கெட் மசாலா ஏதாவது உபயோகிக்கிறீங்களா? எங்க வீட்டுல பாக்கெட் மசாலாவே கிடையாதுங்க என்றாள் இவள். பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் பெருமையாக, என் மருமக எல்லாம் வீட்டுலயே அரைப்பா, என்றார். அப்போது ஞாபகம் இருந்ததா? இருந்து சொன்னாயா, இல்லாமல் சொன்னாயா? எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான், அந்த நிமிடம் அது பொய் என்றே தோன்றவில்லை, புட்டியில் இருப்பது தான் அரைத்தது என்றுதான் இருந்தது. மறந்து சொன்னால் பாவம் குறையுமா? தெரிந்தே சொல்கிறவளாவது ஒரு நாள் பயந்துபோய் அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பாள்.

மிக்ஸியில் சீரகம் போட்டு மூடியை அழுத்தினாள். சத்தம். சத்தம் இருக்கும்வரை நல்லது. நிறுத்தினால் அலமாரிக் கதவு கேட்கும்.

கோதுமை உள்ளே போகிறதா என்று ரத்தத்தில் பார்க்கிற அந்த எண் இறங்கவே இல்லை. மூன்று தடவை பார்த்தார்கள். மருத்துவர் மூன்றாவது தடவை, பெரியவரே, வெளியில எதையாவது வாயில போடறீங்களா, என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் இல்லை என்றார். மருத்துவர் கணவனைப் பார்த்தார், கணவன் இவளைப் பார்த்தான், அந்தப் பார்வை அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் அவர் உட்காருகிற பெஞ்சு பேக்கரிக்கு எதிரில் இருக்கிறது, கூட ஒரு பழைய தையல்காரர், இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு போகிற பஸ்ஸுக்கெல்லாம் கூட்டம் எவ்வளவு என்று சொல்லிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நேரம் உட்காருவார். ஞாயிறு இரவும் திங்களும்தான் வலி அதிகம். அவள்தான் அதைச் சொன்னாள், கணக்குப் போட்டு, பாருங்க, ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தாத்தான்... ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் என்ன கிழமை என்று அவளுக்குத் தோன்றவில்லை. கணவன் பேக்கரிக்குப் போய்க் கைப்பேசியில் அப்பாவின் படத்தைக் காட்டி, இவர் கேட்டா எதுவும் குடுக்காதீங்க, என்று சொல்லிவிட்டு வந்தான். இவரா, இவரு டீயைத் தவிர எதையும் தொட மாட்டாரேங்க என்றானாம் பேக்கரிக்காரன். பாரு, அவனையும் கைக்குள்ள போட்டு வச்சிருக்காரு, என்றான் கணவன். சந்தேகம் வந்துவிட்டால் நல்ல சாட்சியும் கள்ளச் சாட்சிதான்.

அப்புறம் சட்டை. அதை நினைக்காமல் இருக்க முடியுமா என்று பார்த்தாள். மிளகாய்த்தூளை எடுத்தாள், அட்டையைப் படித்தாள், மிளகாய் மட்டும். பூண்டுத்தூள், அட்டையைப் படித்தாள். வெங்காயத்தூள், படித்தாள். ஓரிகானோ இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள், தேய்த்தால்தான் வாசம் எழும் என்று அந்தப் பெண் சொன்னாள்... துவைக்கப் போட்ட சட்டையின் பையில் ரொட்டித் துணுக்கு. விரல் நகத்தளவு மூன்று. உதறிவிட்டுத் துவைத்திருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? அவள் சட்டையை மடித்து எடுத்துப்போய்க் கணவனிடம் காட்டினாள், மடித்து, துணுக்கு கொட்டிவிடாதபடி, எவ்வளவு பத்திரமாக. கணவன் அப்பாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தான். அவர், நாய்க்குப் போட்டேன்டா, அந்தப் பெஞ்சுகிட்ட ஒரு நாய் நிக்கும், தையக்காரன் ஒரு பன் வாங்கிப் பாதியைக் குடுப்பான், பிச்சுப் போடுவேன், என்றார். நாய்க்குப் போட்டா நாய்க்குத்தானேப்பா வலிக்கணும், உங்களுக்கு ஏன் வலிக்குது? நல்ல கேள்வி. அவளுக்கு உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள். அவர் மகனைப் பார்க்கவில்லை, அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தார்.

பத்து நாள் இதே பேச்சு, சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது. பதினோராவது நாள் அவர் தட்டைத் தள்ளிவிட்டு, ஆமாடா, தின்னேன், தினம் ஒண்ணு தின்னேன், போதுமா, ஆளை விடு, என்றார். வீடே லேசாகிவிட்டது அன்றைக்கு. கணவன், இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா, என்று அன்பாகக்கூடச் சொன்னான். அவளுக்குத்தான் என்னவோ உறுத்தியது. ஒரு தடவை அவர் சொல்லியிருக்கிறார், பஸ்ஸில் சில பேர் டிக்கெட் வாங்கியிருப்பான், கேட்டவுடனே பதறி எல்லாப் பையையும் துழாவுவான், கிடைக்காது, சனம் பூராவும் பார்க்கும், கடைசியில் தாங்காமல் அபராதத்தைக் கட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவான், அப்படிப்பட்டவனைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்மா, தெரிஞ்சும் அபராதம் எழுதியிருக்கேன், என்ன பண்றது, கையில டிக்கெட் இல்லையே. அது அன்றைக்கே ஞாபகம் வந்தது. வந்தும் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அப்புறம் நாத்தனார் வந்துதானே ஆக வேண்டும். அண்ணி, உங்க மேல தப்பு சொல்லல, நீங்க வேலைக்குப் போறவங்க, நாள் பூரா அவர் பின்னாடியே சுத்த முடியுமா? எங்க வீட்டுக்கிட்ட பேக்கரியும் கிடையாது ஒண்ணும் கிடையாது, மூணாவது மாடி, லிப்ட் வேற ஆறு மாசமா ரிப்பேர், எங்க போவாரு? இவள், அவருக்குக் கஷ்டமா இருக்காதா, என்று மட்டும் கேட்டாள். கஷ்டமாத்தான் இருக்கும், நாக்கைக் கட்டிப்போட்டா யாருக்குத்தான் கஷ்டமா இருக்காது? என்று நாத்தனார் சிரித்தாள். அவர் அந்த நேரம் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஒரே பக்கம்.

எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலந்தாள். உப்பு, மிளகு, கொஞ்சம் சர்க்கரை. வேறெதுவும் வேண்டாம். மதியமே கணவனுக்குச் செய்தி அனுப்பப் பார்த்தாள், மசாலாவில் கோதுமை இருந்திருக்கிறது, அப்பா எதையும் திருடித் தின்னவில்லை. எழுதிவிட்டுப் பார்த்தால் அடுத்த கேள்வி தெரிந்தது, நீ அரைச்சதுல எப்படிடி கோதுமை வரும்? அழித்தாள். அழித்தவுடன் வேறொன்று தானாகவே வந்தது, யாரும் கூப்பிடாமல், தயாராக, உடுத்திக்கொண்டு... கடை மிளகாய்த்தூளில் கலப்படம். எடைக்கு மாவு சேர்த்திருக்கிறான், பாவி. இப்போதுதான் கண்டுபிடித்தேன். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அவரும் நல்லவர், இவளும் நல்லவள், கடைக்காரன்தான் கெட்டவன், அவனை யாருக்குத் தெரியும்? கணவன் ஆத்திரத்தோடு புகார் கொடுக்கலாம் என்பான், நாத்தனார் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவாள், கண்டுபிடித்ததற்கு இவளைப் பாராட்டக்கூடச் செய்வார்கள். பாராட்டு வரை போய்விட்டது மனசு. தன்னையே பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது, கிண்ணத்தைக் கிளறிக்கொண்டு ஒரு பெண், முகம் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

"வாசனை அறை வரைக்கும் வருது."

திடுக்கிட்டுத் திரும்பினாள். மாமனார் வாசற்படியில் நின்றார், வெளியே போகிற சட்டை, தலை வாரியிருந்தார். பெல்ட்டின் நுனி இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் வரை போயிருந்தது.

"அரைக்கிறதைப் பார்த்ததே இல்ல நான். எப்பவும் புட்டியிலதான் பார்த்திருக்கேன்," என்றார். "கொஞ்சம் குடு."

உள்ளங்கையை நீட்டினார். அவள் கரண்டி நுனியால் ஒரு சிட்டிகை வைத்தாள். நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கு. ஆனா பழைய மாதிரி இல்லையே? அது நாக்குல ஒட்டும்."

"இதுல ஒண்ணு சேர்க்கல மாமா."

"என்னது?"

அவள் கிண்ணத்தின் ஓரத்தைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உள்ளங்கையை இன்னொரு தடவை நக்கிவிட்டு வாசற்படியில் சாய்ந்துகொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், இவங்ககிட்ட சொல்லிடாத. மூணாவது மாடி, பேக்கரி இல்ல, பெஞ்சு இல்ல, நாய் இல்ல. எனக்கு ஒரு விதத்துல சந்தோஷம்தான். அங்க போயும் ரெண்டே வாரத்துல எனக்கு வலி வரும் பாரு. அப்ப என்ன சொல்லுவா என் பொண்ணு? எங்கேருந்து திருடினேன்னு சொல்லுவா?" சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. "வலி வரட்டும். ராத்திரி பூரா வரட்டும். அப்ப நம்பித்தானே ஆகணும்?"

அவள் கையில் கிண்ணம் இருந்தது. வலி வராது. இந்தக் கிண்ணத்தில் இருப்பதைத் தின்றால் வராது, எப்போதும் வராது, இரண்டு மாதத்தில் எண் இறங்கும், பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்துவிடுவார், நாத்தனார் எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்வாள், பாத்தீங்களா, என்கிட்ட வந்ததும் தேறிட்டாரு, பேக்கரி கிடையாதுல்ல. அவர் உடம்பு தேறத் தேற அவர் திருடன் ஆவார். ஒவ்வொரு கிலோவும் சாட்சி சொல்லும். அவரும் ஒரு நாள் யோசிப்பார், நாமே அறியாமல் தின்றிருப்போமோ, வயதாகிவிட்டதே, மறந்திருப்போமோ...

"மாமா."

"என்னம்மா?"

"நீங்க எதையும் திருடித் தின்னல."

அவர் சிரிப்பு நின்றது. சாய்ந்திருந்தவர் நேராக நின்றார். அவளுடைய முகத்தை அவர் பார்த்தது, ஒருவர் முகத்தைப் பார்ப்பதுபோல் இல்லை, கையில் வாங்கின தாளைத் திருப்பித் தேதி பார்ப்பதுபோல் இருந்தது.

"இத்தனை நாள் கழிச்சுச் சொல்றியே. எப்படித் தெரியும் உனக்கு?"

கீழே கார் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது, நிறுத்த இடம் இல்லை போல, பொறுமை இல்லாத ஹாரன். அவர் அசையவில்லை. அவளுக்கு ஒன்று ஆச்சரியமாக இருந்தது. உங்கள் குடலைக் கெடுத்தது நான்தான் என்று சொல்ல அவ்வளவு பயமாக இல்லை, அது வாய் வரை வந்துவிட்டது, அழுதுகொண்டே சொல்லிவிடலாம், அழுதால் மன்னித்துவிடக்கூட மன்னிப்பார். அதில்லை. கைமணம்னா இதுதாம்மா என்று ஒருவர் சொன்னாரே, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கை வரவில்லை. ஒரு மனுஷரின் மானத்துக்கு எதிர்த்தட்டில் அதையா வைத்திருக்கிறாய், இத்தனூண்டை? தட்டு இன்னும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆடுகிறதே...

"கடையில வாங்கின..." என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் மிளகாய்த்தூளா மசாலாவா என்று அவரைப் போலவே அவளும் காத்துக்கொண்டு நின்றாள்.